மாணவர் வியாசமும் சுயபுத்தியும்

பரீட்சைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒருவகைப் பாராயணம் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து விளக்கடியில் அமர்ந்து, கையில் சிறு புத்தகமொன்றை வைத்துக்கொண்டு பையனோ பெண்ணோ உரக்க உருப்போடுவதைக் கேட்கிறோம். என்னவென்று காது கொடுத்தால், கும்பகருணனின் செஞ்சோற்றுக் கடன் என்றும், கண்ணகியின் கற்புத் திறம் என்றும், புரூட்டஸின் உயர்ந்த உள்ளம் என்றும் தலைப்பிட்ட வியாசங்கள்! மந்திரத்தை உருப்போட்டால் புண்ணியமாவது உண்டென்பர். பிறர் எழுதிய அபிப்பிராயத்தை உருப்போடுவதால் வரும் பயன் யாது?

நமக்கு நெருங்கிய தமிழாசிரியர் ஒருவர், தாம் திருத்திய வியாசக் கட்டொன்றை ஒரு சமயம் நம்மிடம் காட்டினார். மாணவர் நாற்பதின்மர், பொருள், கும்பகருணனின் குணசித்திரம். முப்பத்தொன்பது தாள்களில் அபிப்பிராயம் ஒன்று, வரிசை ஒன்று, எழுத்துப்பிழைகூடச் சில இடங்களில் ஒன்றாகவே இருந்தது. நாற்பதாவது தாளில் மாத்திரம் ஒரு மாணவன் அரைப்பக்கம் எழுதி, "அண்ணன் செய்தது தவறென்று தெரிந்தும் அவனுக்காகவே சண்டைக்குப் போனவனை நான் எப்படிப் புகழ்வது? எனக்கு விளங்கவில்லை" என்று முடித்திருந்தான். அவனுக்கு எத்தனை மார்க்கு என்று கேட்டோம். "விடைக்குறிப்பில் ஆறு அம்சங்கள் கொடுத்திருக்கிறார்கள். இவன் ஒன்றையும் எழுதவில்லையே! நான் என்ன செய்ய?" என்றார் ஆசிரியர். அவர் நல்லவர், கம்பனில் தோய்ந்தவர். குற்றம் அவருடையதன்று. ஆனால், நாற்பது பேரில் சிந்திக்கத் தொடங்கியவன் ஒருவனே, அவ்வொருவனே தோற்றான். இந்த விபரீதம் ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

வழக்கம் வந்த வழி

காவியத்தையோ நாடகத்தையோ படித்து அதிலுள்ள பாத்திரங்களின் குணத்தையும், நூலின் உட்பொருளையும் விளக்கி மாணவர் வியாசம் எழுதவேண்டும் என்னும் வழக்கம், இன்றுள்ள உருவத்தில், ஆங்கிலக் கல்வியோடு நம்மிடம் வந்ததாகும். 1835-ம் வருஷத்தில் மெக்காலே தமது பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதினார். நிறத்தாலும் இரத்தத்தாலும் இந்தியராயும், ருசியாலும் கருத்தாலும் ஆங்கிலேயராயும் உள்ள ஒரு வகுப்பாரை உண்டாக்க வேண்டுமென்பது அவர் கொள்கை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. ஆங்கில இலக்கியம் அவற்றில் முக்கிய பாடமாயிற்று.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஆங்கிலேயரின் சொந்த நாட்டில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஆங்கில இலக்கியத்தைத் தனிச் சிறப்புப் பட்டத்துக்குரிய பாடமாக ஏற்றது 1890-க்குப் பின்னரே. கேம்பிரிட்ஜ் அதனை முழு அளவில் ஏற்றது 1917-ல். அதற்கு வெகு காலம் முன்பே நம் மாணவர் ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தனர். அதே காலத்தில் நம் சொந்தக் காவியங்களின் நிலைமை என்ன? சென்னைச் சர்வகலாசாலை தோன்றி முப்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின், 1892-ல்தான், மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை முழு நூலாகப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அதாவது, டெஸ்டிமோனா குற்றமற்றவள் என்று நம் பாட்டனார் ஆங்கிலத்தில் அழகாக வியாசம் எழுதிய நாளில், குற்றமற்ற கணவனைப் பறிகொடுத்து அரசவையில் நீதி கேட்ட கண்ணகியின் கதை ஏட்டுச்சுவடிகளில் உறங்கிக் கிடந்தது.

இவ்வளவையும் சொல்வது ஷேக்ஸ்பியரை வெறுப்பதற்காக அன்று. மகாகவிகளுக்குத் தேசம் ஏது? நாம் சொல்லவருவது வேறு. பரீட்சை எழுதும் மாணவன் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியவனல்லன், ஒப்புக்கொள்ளப்பட்ட அபிப்பிராயத்தைத் தவறின்றித் திருப்பிச் சொல்ல வேண்டியவனே என்னும் வழக்கம் அந்நாளிலேயே வேரூன்றிவிட்டது. குமாஸ்தாவுக்கு வேண்டிய குணம் அதுதான் அல்லவா? மேலதிகாரி எழுதியதைப் பிழையின்றி நகல் எடுப்பது! 1947-ல் அதிகாரி போனார். நகல் எடுக்கும் வழக்கம் போகவில்லை. ஆங்கிலத்தில் உருப்போட்டதைத் தமிழில் உருப்போடலானோம். ஒதெல்லோ இருந்த இடத்தில் கும்பகருணனை வைத்தோம். நாற்காலி மாறியது, உட்கார்ந்திருக்கும் முறை மாறவில்லை.

அறிஞர் கண்ட இரு வழிகள்

இந்த உருப்போடும் நோய் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராயிருந்த ஏ. ஸி. ப்ராட்லி என்பவர், ஹாம்லெட், ஒதெல்லோ, லியர் மன்னன், மாக்பெத் ஆகிய நான்கு சோக நாடகங்களைப் பற்றிய தமது பிரசங்கங்களை 1904-ல் நூலாக வெளியிட்டார். பாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாகவே பாவித்து, அவர்களுடைய செயலுக்குக் காரணம் அவர்களுடைய குணமே என்று நுட்பமாக ஆராய்ந்த நூல் அது. உயர்ந்த நூலே. ஆனால் அதைப் படித்த மாணவர் பலர், நாடகத்தைப் படிப்பதை விட்டு அந்நூலையே உருப்போடலாயினர். ஷேக்ஸ்பியரின் ஆவியே வந்து லியர் மன்னனைப் பற்றிய பரீட்சை எழுதியதாகவும், ப்ராட்லியைப் படிக்காத காரணத்தால் தேறாமற் போயிற்றென்றும் அக்காலத்தில் ஆங்கிலேயரே வேடிக்கைப் பாட்டுக் கட்டினார்கள்.

ப்ராட்லியின் முறைக்கு எதிராக எல். ஸி. நைட்ஸ் என்ற இளம் அறிஞர் 1933-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். லேடி மாக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்பதே அதன் பெயர். தான் குழந்தைக்குப் பாலூட்டியதுண்டு என்று அவள் நாடகத்தில் ஓரிடத்தில் சொல்கிறாள். அக்குழந்தை யாது, எங்கே போயிற்று என்பதை நாடகம் சொல்வதில்லை. பாத்திரத்தை நாடகத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டுபோய் இப்படிக் குடும்பக் கணக்கு எடுப்பது வீண்வேலை, நாடகம் என்பது சொற்களால் ஆகிய ஒரு முழுமை, அதன் சொல்லையும் உவமையையும் தொனியையும் கவனியாமல் பாத்திரத்தை மட்டும் பிரித்தெடுப்பது தவறு என்பது அவர் கட்சி.

இரு கட்சியிலும் உண்மை உண்டு. பாத்திரத்தை மனிதனாகக் கருதாவிட்டால் நமக்கு அவனிடம் பரிவோ கோபமோ உண்டாகாது. கவி எழுதிய சொல்லை விட்டு விலகினாலோ, நம் கற்பனையைக் கவியின் தலையில் ஏற்றிய பாவம் நம்மைச் சேரும். மனிதனாகக் கருது, ஆனால் நூலிலுள்ள சொல்லைச் சாட்சியாகக் கொண்டு பேசு. குணசித்திர வியாசத்துக்கு வேண்டிய இலக்கணம் இவ்வளவே.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் செய்த பரிசோதனையும் இங்கே குறிப்பிடத்தக்கது. அவர் பதின்மூன்று கவிதைகளை, இயற்றியவர் பெயரை மறைத்து, மாணவரிடம் கொடுத்து, அபிப்பிராயம் எழுதிவரச் செய்தார். நாட்டின் தலைசிறந்த கலாசாலையில் படித்த அம்மாணவர் பலர் தடுமாறிப் போயினர். புகழ்பெற்ற கவியின் பாட்டை இகழ்ந்தும், சாதாரணப் பாட்டைப் புகழ்ந்தும், வரிகளின் நேர்ப்பொருளையே தவறாகக் கொண்டும் எழுதினர். இவ்விவரங்களை ரிச்சர்ட்ஸ் 1929-ல் நூலாக வெளியிட்டார். பெயரைக் கண்டு கும்பிடப் பழகியவனுக்குப் பொருளைக் கண்டு மதிக்கத் தெரிவதில்லை என்பதே அதனால் விளங்கிய பாடம். இலக்கியத்தில் மட்டுமா இது? மேடையில் பேசுவோர் யார் என்று பார்த்துக் கைதட்டுவதும், பேசியது என்னவென்று மறுநாள் மறப்பதும் நாம் அன்றாடம் காணும் காட்சியன்றோ?

கும்பகருணனை எப்படி எழுதுவது?

அந்த நாற்பதாவது மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். அவன் கேட்டது அற்பக் கேள்வியன்று. நூலைத் திறந்து பார்த்தால், கம்பன் அக்கேள்வியை நமக்காகவே வைத்திருப்பது தெரியும்.

இலங்கையின் மந்திராலோசனையில் கும்பகருணன் முதலில் எழுந்து இடித்துரைக்கிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்தது சிறியோர் செயலென்று கூசாமல் சொல்கிறான். ஆனால் அதே மூச்சில், இனி அவளை விட்டுவிடுவது நமக்கு எளிமையாகும், போர்செய்து மடிந்தாலும் பழியில்லை என்கிறான். பின்னர் போர் மூண்டு, அவனைத் துயிலெழுப்பி அழைத்துவரும்போது, அந்தக் கற்பரசியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று வருந்தி, சீதையை விட்டு, வீடணனோடும் உறவு கொண்டு பிழைக்கும்படி அண்ணனை வேண்டுகிறான். இராவணன் சினந்து சுடுசொல் கூறவே, மன்னிப்புக் கேட்டுப் போருக்குப் புறப்படுகிறான். புறப்படும்போதும், என்னை அவர்கள் வென்றுவிட்டால் உன்னையும் வெல்வது உறுதி, ஆகையால் அப்போதாவது சீதையை விட்டுவிடு என்று சொல்லிப் போகிறான்.

முதலில் விடாதே என்றவன் பின்னர் விடு என்கிறானே, ஏன்? மானம் பெரிதென்று எண்ணியவன் சாவு கண்ணெதிரே நிற்கும்போது அறம் பெரிதென்று தெளிந்தானா? அல்லது, தனக்கு நேர்வது நேரட்டும், அண்ணனாவது பிழைக்கட்டும் என்ற பாசமா? உருப்போட்ட முப்பத்தொன்பது வியாசங்களில் ஒன்றிலேனும் இக்கேள்வி இல்லை. கும்பகருணன் என்றால் செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரே சொல்லில் கதவை மூடிவிட்டார்கள். அச்சொல் பொய்யன்று, ஆனால் அது முழு உண்மையுமன்று.

இனிப் போர்க்களத்தைப் பார்ப்போம். இராமனுடைய பக்கத்திலிருந்து வீடணன் வருகிறான். அறத்தின் பக்கம் வந்துவிடு என்று தமையனை அழைக்கிறான். தனக்கு இராமன் அளித்த இலங்கை அரசையே உனக்குத் தருகிறேன் என்கிறான். வீடணன் அரசாசையால் கட்சி மாறினான் என்று குற்றம் சாட்டுவோர் இவ்விடத்துக்குச் சமாதானம் சொல்லியாகவேண்டும். வீடணன் மாசற்றவன் என்று வாதிப்போரோ, இலங்கையின் படைவலியையும் காவலையும் அவன் பகைவரிடம் எடுத்துரைத்ததற்குச் சமாதானம் சொல்லியாகவேண்டும். கும்பகருணன் மறுத்துவிடுகிறான். நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிர்கொடாமல் போகேன் என்கிறான். ஆயினும் தம்பியைத் துரோகி என்று வைது துரத்தினானா? இல்லை. நீ இராமனிடமே இரு, இறந்துபோகும் எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டுமல்லவா என்று தழுவி அனுப்புகிறான். கைகால் இழந்து வீழும் தறுவாயிலும் தம்பியைக் காக்கும்படி இராமனையே வேண்டுகிறான்.

தலைவன் தவறு செய்கிறான். உடன்பிறந்தார் என்ன செய்வது? ஒருவன் எடுத்துச் சொல்லி, கேளாதபோது பிரிந்து போகிறான். ஒருவன் எடுத்துச் சொல்லி, கேளாதபோது கூடவே நின்று சாகிறான். இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை. கம்பன் ஒருவனை உயர்த்த மற்றவனைத் தாழ்த்தவில்லை. இதுவே அப்பகுதியின் உட்பொருள். பாத்திரத்தையும் உட்பொருளையும் தனித்தனி வினாவாக்கித் தனித்தனி மார்க்குப் போடுகிறோம். பாத்திரங்களை ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிறுத்திப் பார்த்தால், அவர்களுக்கு நடுவே பிறப்பதுதான் உட்பொருள்.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் வாசகர்களுக்கு இக்கேள்வி எவ்வளவு நெருங்கியதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ? கட்சி தவறும்போது கட்சியோடு நிற்பதா, கொள்கையோடு நிற்பதா? தலைவர் தவறும்போது உள்ளே இருந்து திருத்துவதா, வெளியேறிப் போராடுவதா? ஒவ்வொரு இயக்கத்திலும் ஒவ்வொரு தலைமுறையிலும் வீடணர்களும் கும்பகருணர்களும் தோன்றுகிறார்கள். அவர்களை எடைபோடப் பதினைந்து வயதிலேயே பழகியவன், முப்பது வயதில் வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும்போது ஏமாறமாட்டான்.

இதை நம் முன்னோர் அறியாதவரல்லர். 1939-ல் சா. கணேசன் அவர்கள் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த பின், பாத்திரங்களைப் பற்றிய பட்டிமண்டபம் நாடெங்கும் பரவியது. 1943-ல் கம்பராமாயணத்தை எதிர்த்து அண்ணாதுரை அவர்களும், ஆதரித்து ரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் ஆகியோரும் மேடையில் வாதிட்டனர். எவர் கட்சி சரி என்பது இங்கே நம் விஷயமன்று. எதிர்த்தவரும் நூலைத் திறந்தே எதிர்த்தார்; ஆதரித்தவரும் நூலைத் திறந்தே ஆதரித்தார். கேட்டவர்களும் வீடு சென்று நூலைத் திறந்தனர். அதுவன்றோ ஆராய்ச்சி!

சிறைக்குள் எழுதிய வியாசம்

இலக்கியப் பாத்திரங்களை ஆராய்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோரும் உண்டு. அவர்களுக்காக ஒரு மெய்யான சரித்திரத்தைச் சொல்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, விடுதலை வீரர்கள் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1970-களில் அங்கே கைதியாயிருந்த ஸன்னி வெங்கடரத்னம் என்னும் இந்திய வம்சத்தவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத்தொகுதி ஒன்று இருந்தது. காவலர் பறித்துவிடாதபடி, அவர் அதன் அட்டையில் தீபாவளி வாழ்த்துப் படங்களை ஒட்டி, அது தமது சமயப் புனித நூல் என்று சொல்லிக் காத்துவந்தார். விடுதலையாகுமுன் அதைத் தோழர்களிடையே சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பகுதியில் கையொப்பமிட வேண்டினார். முப்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

நெல்ஸன் மண்டேலா 1977-ம் வருஷம் டிஸம்பர் 16-ந் தேதி ஜூலியஸ் ஸீஸர் நாடகத்தில் கையொப்பமிட்டார். சபைக்குப் போகவேண்டாமென்று மனைவி தடுக்கும்போது, கோழை நாள்தோறும் சாகிறான், வீரனுக்குச் சாவு ஒருமுறையே என்னும் கருத்துப்பட ஸீஸர் பேசும் இடம் அது. வால்டர் ஸிஸுலு வெனிஸ் வர்த்தகன் நாடகத்தில், தான் பொறுத்துக்கொண்ட அவமானங்களை ஷைலாக் எடுத்துரைக்கும் பகுதியைத் தேர்ந்தார். பில்லி நாயர், புயல் நாடகத்தில் காலிபன் என்னும் அடிமை, இத்தீவு என் தாய் வழி வந்த என் சொத்து என்று எசமானனை எதிர்த்துச் சொல்லும் இடத்தில் கையொப்பமிட்டார்.

காலிபனைக் காட்டுமிராண்டி என்றே மேனாட்டு ஆசிரியர் நெடுங்காலம் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். தீவிலே சிறைப்பட்டிருந்த ஒருவர் படித்தபோது, அவன் மண்ணைப் பறிகொடுத்தவனாகத் தெரிந்தான். இரண்டுக்கும் நூலிலே சாட்சி இருக்கிறது. அவன் தீவின் உரிமையைப் பற்றிப் பேசுவதும் நூலில் உண்டு. எசமானனின் மகள் மிராண்டாவிடம் தகாத முறையில் நடக்க முயன்றான் என்பதும் நூலில் உண்டு. நல்ல வியாசம் எழுத விரும்பும் மாணவன் இரண்டையும் ஒளிக்காமல் வைத்து, அதன் மேல் தன் தீர்ப்பைச் சொல்வான். தன் கட்சிக்கு மாறான சாட்சியையும் தானே எடுத்து வைப்பவன் வாதத்தில் பலவீனனாகிவிடமாட்டான். கேட்போரின் நம்பிக்கையை அவனே பெறுவான்.

அதே சிறையில் கைதிகள் நாடகமும் நடத்தினர். கிரேக்க கவி ஸோபோக்ளிஸ் இயற்றிய ஆண்டிகனி நாடகத்தில் மண்டேலா பூண்ட வேஷம் எது தெரியுமோ? அரச கட்டளையை மீறி உடன்பிறந்தானுக்கு ஈமக்கடன் செய்யும் வீரமங்கையின் பக்கத்தவர் வேஷமன்று. அதைத் தடுத்த கிரியோன் மன்னனின் வேஷம்! கொடுங்கோலால் சிறைப்பட்டவர் கொடுங்கோலனாக நடித்தார். முதலில் நியாயவான் போலப் பேசும் அம்மன்னன், பிறர் சொல்லைக் கேளாத பிடிவாதத்தால் எவ்வாறு அழிந்தான் என்பதைத் தம் சுயசரிதையிலும் எடுத்தெழுதினார். அவர் 1990-ல் விடுதலையாகி, 1994-ல் நாட்டின் தலைவரானபோது, பழைய பகைவரோடு பேசி இசைந்து ஆட்சி நடத்தியதை உலகம் வியந்தது. ஒரு நாடகம்தான் அதற்குக் காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதிரியின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் பயிற்சி தலைவனுக்கு எவ்வளவு அவசியமென்பதை அது காட்டுகிறது. தீவின் கைதிகளுக்கு மார்க்குப் போட ஒருவருமில்லை, விடைக்குறிப்பும் இல்லை. அவர்கள் இட்ட ஒவ்வொரு கையொப்பமும் ஒரு வியாசமாயிற்று.

புதிதாக வந்த யந்திரம்

நம் காலத்தில் வேறொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. 2022-ம் வருஷம் நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் யந்திர அறிவு பொதுமக்களின் கைக்கு வந்தது. கும்பகருணனைப் பற்றி எழுது என்று ஒரு வரி கேட்டால், நிமிஷ நேரத்தில் பிழை குறைந்த வியாசமொன்று கிடைத்துவிடுகிறது. ஆசிரியர்கள் திகைக்கிறார்கள், பெற்றோர் கவலைப்படுகிறார்கள்.

யந்திரத்தை மாத்திரம் வைவதில் பயனில்லை. உரைநூலைப் பார்த்து எழுதிய நாளிலேயே மாணவனின் கை ஒரு யந்திரமாகத்தான் இருந்தது. மனிதனை யந்திரமாக்கும் பரீட்சையை நாம் வெகுகாலம் நடத்தினோம். இன்று மெய்யான யந்திரமே வந்து அப்பரீட்சையில் முதல் வகுப்பில் தேறுகிறது. வெட்கம் யந்திரத்துக்கா, பரீட்சைக்கா?

ஆயினும் மாணவருக்கு ஒன்று சொல்வோம். தண்டால் எடுக்க ஆள்வைத்துக்கொண்டவனுக்குத் தோள் திரளுமா? ஆள் நன்றாகவே எடுத்திருக்கலாம், எண்ணிக்கையும் சரியாக இருக்கலாம், பலம் யாருக்கு? வியாசம் என்பது ஆசிரியர் மேஜையில் சேரவேண்டிய ஒரு தாளன்று. ஒரு மனிதனைப் பற்றி அவசரமின்றி, இருபக்கச் சாட்சியும் கேட்டு, காரணம் காட்டித் தீர்ப்புச் சொல்லும் தேகப்பயிற்சி போன்ற மனப்பயிற்சி அது. தாள் கிடைத்தும் பயிற்சி போயிற்றென்றால், நஷ்டம் ஆசிரியருக்கன்று.

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நிற்பது நம் வழக்கமன்று. கல்வி நடத்துவோர் கவனிக்கச் சில யோசனைகளைக் கூறுவோம்.

முதலாவது, குணசித்திர வினாவிலேயே விடையைச் சேர்த்து வைக்கும் பழக்கம் ஒழியவேண்டும். கும்பகருணனின் நன்றியுணர்வை விளக்குக என்று கேட்டால் மாணவன் வேறென்ன எழுத முடியும்? கும்பகருணன் செய்தது சரியா, நூலிலிருந்து சாட்சி காட்டுக என்று கேட்கட்டும்.

இரண்டாவது, மார்க்கு அபிப்பிராயத்துக்கு அன்று, காரணத்துக்கே என்பதை விதியாக்கவேண்டும். ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கு நேர்மாறாக எழுதியவனும், இடஞ்சுட்டிக் காரணம் காட்டினால் முழு மார்க்குப் பெறவேண்டும். காரணமின்றி ஆசிரியருடைய கருத்தையே எழுதியவன் பாதி பெற்றால் போதும்.

மூன்றாவது, பரீட்சை மண்டபத்தில் மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டே வியாசம் எழுத இடங்கொடுக்கலாம். ஞாபகத்தைச் சோதிக்க வேறு வினாக்கள் இருக்கின்றன. நூல் கையிலிருந்தால் உருப்போட்டவனுக்கும் போடாதவனுக்கும் வித்தியாசம் இராது. படித்தவனுக்கும் படியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

நான்காவது, மாதம் ஒருமுறையேனும் எழுதிய மாணவனை நிற்கவைத்து, ஏன் இப்படி எழுதினாய் என்று ஆசிரியர் அன்போடு வினவவேண்டும். சக மாணவர் எதிர்வாதம் செய்யவேண்டும். தானே எழுதியவன் பதில் சொல்வான். யந்திரமோ உரைநூலோ எழுதிக்கொடுத்திருந்தால் அது அங்கே வெளிப்பட்டுவிடும். இதற்கெல்லாம் ஆசிரியருக்கு அவகாசம் வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேரை அடைத்துவைத்து, அவருக்குக் கணக்கெழுதும் வேலையையும் கொடுத்துவிட்டு, சுயபுத்தி வளரவில்லையே என்று வருந்துவது நியாயமன்று.

ஐந்தாவது, பெற்றோர் கடமை. பையன் என்ன மார்க்கு வாங்கினான் என்று கேட்கும் நாம், என்ன நினைத்தான் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? இரவு உணவுக்குப் பின், வீடணன் செய்தது சரியா அப்பா என்று மகள் கேட்டால், போய்ப் படி என்று விரட்டாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுப்பாருங்கள். அவ்வீட்டில் அன்று ஒரு நல்ல வியாசம் பிறக்கும்.

சுதந்திரம் என்பது அந்நியன் கப்பலேறிப் போனதோடு முடிந்துவிடும் காரியமன்று. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஜனங்களை யாரும் ஆளலாம். ஆங்கிலேயனும் ஆளலாம், நம்மவனும் ஆளலாம், நாளை ஒரு யந்திரமும் ஆளலாம். சாட்சி எங்கே என்று கேட்கும் ஜனங்களை ஏமாற்றி ஆளுவது கடினம். பாண்டியன் அவையில் கண்ணகி காற்சிலம்பை உடைத்துக் காட்டியது வேறெதற்காக? அவள் கண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை; சாட்சியும் கொண்டுவந்தாள். அதனாலன்றோ செங்கோல் தாழ்ந்தது!

அந்த நாற்பதாவது மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ, நாம் அறியோம். "எனக்கு விளங்கவில்லை" என்று அவன் எழுதிய இரண்டு சொற்களே அந்தக் கட்டு முழுவதிலும் உண்மையான ஆராய்ச்சியின் தொடக்கமாக நம் நெஞ்சில் நிற்கின்றன. அவனுக்கு ஆசிரியர் போட முடியாமற்போன மார்க்கை, காலந்தாழ்ந்தேனும், இன்று நாம் போடுகிறோம். அவனைப்போல எழுதத் துணியும் மாணவனுக்கு அடுத்த பரீட்சையிலாவது மார்க்குக் கிடைக்கச் செய்வது கல்வி நடத்துவோர் பொறுப்பு. அவர்களை அதைச் செய்யவைப்பது நம் அனைவர் பொறுப்புமாகும்.